மூடியில் ஒரு முகம், உள்ளே வேறொருவர்

பாரிசில் உள்ள லூவ்ர் அருங்காட்சியகத்தில் நான்கு நீல நிற ஜாடிகள் இருக்கின்றன. அவற்றின் மேல் இரண்டாம் ராம்சேஸின் பெயர், அரசர்களின் பெயருக்கு மட்டுமே போடும் அந்த நீள்வட்டக் கட்டத்துக்குள் இருக்கிறது. 66 வருடம் எகிப்தை ஆண்ட மனிதர் அவர். ஆகவே ஜாடிகளுக்குள் ஒட்டிக் காய்ந்து கிடந்த பிசினும் பொதியும் அவருடைய உடலைப் பதப்படுத்தியபோது எடுத்த உள்ளுறுப்புகளோடு சேர்ந்தவை என்றுதான் 20ஆம் நூற்றாண்டில் பலரும் எடுத்துக்கொண்டார்கள். 2007இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் அந்தக் கசடைச் சோதித்து வெளியிட்ட முடிவு அதைக் கவிழ்த்துவிட்டது. உள்ளே இருந்தவை விலங்குக் கொழுப்பு, ஊசியிலை மர எண்ணெய், தைலம் இந்த மாதிரிப் பொருட்கள்தான். கார்பன் கணிப்பில் கிடைத்த வயதும் ராம்சேஸ் இறந்து பல தலைமுறைகளுக்குப் பிந்தியது. ஏதோ கோயில் உபயோகத்துக்காகச் செய்த தைல ஜாடிகள் பிற்காலத்தில் யாருக்கோ பயன்பட்டிருக்கின்றன, மேலே இருக்கிற பெயருக்கும் உள்ளே இருந்ததற்கும் சம்பந்தம் இல்லை.

இதைப் படித்ததிலிருந்து எகிப்திய அரச கல்லறைகளைப் பற்றி எதைப் படித்தாலும் என் கண் முதலில் ஜாடிகளைத் தேடிப் போகிறது. தங்க முகமூடியைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஜாடியை மேலே என்ன எழுதியிருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டு தனித்தனிச் சாட்சிகளாக எடுத்துக்கொண்டு பார்க்கவேண்டும் என்பதுதான் என் கட்சி. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் அந்த ஆட்களுடைய வாழ்க்கை வெளியே தெரிகிறது.

முதலில் அடிப்படை. உடலை மம்மியாக்கும்போது இடது விலாவுக்குக் கீழே கீறி உள்ளுறுப்புகளை எடுத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் அந்த வெயிலுக்கு உள்ளிருந்தே அழுகத் தொடங்கிவிடும். ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கையும் நேட்ரான் உப்பில் உலர்த்தி, தைலமும் பிசினும் தடவி, துணியில் சுற்றித் தனித்தனியாக வைப்பார்கள். இதயத்தை உடலிலேயே விட்டுவிடுவார்கள், மறுமையில் அதைத் தராசில் வைத்து நிறுக்கவேண்டும். மூளைக்கு மரியாதை கிடையாது, மூக்கு வழியாகக் கொக்கி விட்டு எடுத்துப் போட்டுவிடுவார்கள். அந்த நான்கு உறுப்புகளை வைக்கும் பாத்திரத்துக்குத்தான் இன்று கனோபிக் ஜாடி என்று பெயர். ஹோரஸ் கடவுளின் நான்கு பிள்ளைகள் ஆளுக்கொரு உறுப்புக்குக் காவல்: ஈரலுக்கு மனிதத் தலை கொண்ட இம்செட்டி, நுரையீரலுக்குக் குரங்குத் தலை ஹாப்பி, இரைப்பைக்கு நரித் தலை துவாமுடெஃப், குடலுக்குப் பருந்துத் தலை கெபெசெனுஃப். இந்த நால்வருக்கும் மேலே ஐசிஸ், நெப்திஸ், நீத், செல்கெட் என்று நான்கு தேவியர் காவல். ஜாடியின் வயிற்றில் வெட்டியிருக்கும் வாசகத்தில் தேவியே பேசுவாள். எனக்குள் இருப்பதை என் கைகளால் அணைத்துக்கொள்கிறேன், இன்னாரைக் காக்கிறேன் என்பாள். அந்த ‘இன்னார்’ என்ற இடத்தில் பெயர் சரியாக இருந்தாகவேண்டும். பெயர் அழிந்தால் காவல் போயிற்று, பெயர் மாறினால் காவல் வேறொருவருக்குப் போயிற்று. அதனால்தான் பெயரைச் சுரண்டிய ஜாடியைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

விலங்குத் தலை மூடிகளைத்தான் படங்களில் அதிகம் பார்த்திருப்போம், ஆனால் அவை ஆரம்பத்தில் கிடையாது. பிரமிடு காலத்தில் மூடிகள் வெறும் தட்டையாகவோ லேசாகக் குவிந்தோ இருக்கும். அப்புறம் நான்குக்கும் மனிதத் தலை வந்தது. நரியும் குரங்கும் பருந்தும் ஜாடி மேல் ஏறி உட்கார்ந்தது புதிய அரசுக் காலத்தில்தான் (ஏறக்குறைய கி.மு. 16 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை), அதுவும் ராம்சேஸ்கள் காலத்தில்தான் அது வழக்கமாகவே ஆனது.

பிரமிடு காலத்திலிருந்து ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே பாதி அதற்காகத்தான்.

கீசாவில் பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபுவின் தாய் ஹெத்தெப்பெரெஸ். 1925இல் ஜார்ஜ் ரைஸ்னர் தலைமையிலான ஹார்வர்டு-பாஸ்டன் குழு பிரமிடுக்குக் கிழக்கே வேலை செய்துகொண்டிருந்தது. புகைப்படக்காரர் தன் கேமராவின் முக்காலியை நிறுத்தியபோது ஒரு கால் சுண்ணாம்புப் பூச்சில் குத்திவிட, பாறை என்று நினைத்திருந்த இடம் மூடி மறைத்த வாசல் என்று தெரிந்தது. தோண்டத் தோண்ட 27 மீட்டர் ஆழத்துக்கு நேர்க்குத்தாக ஒரு கிணறு, அடியில் ஒரு சிறிய அறை. மேலே கட்டடம் இல்லை, பெயர் பொறித்த கல் இல்லை. அறைக்குள் தங்கத் தகடு போர்த்திய கட்டில், நாற்காலி, பல்லக்கு, விதானத்தின் கம்புகள், வண்ணத்துப்பூச்சி பதித்த வெள்ளி வளையல்கள். மரமெல்லாம் உளுத்துப் பொடியாகித் தங்கத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடந்தன. எது எந்தப் பொருளின் எந்தப் பகுதி என்று கண்டுபிடிக்க, விழுந்து கிடந்த நிலையிலேயே ஒவ்வொன்றையும் வரைந்து, படமெடுத்து, எண் போட்டு எடுத்தார்கள். அந்தப் பொறுமையால்தான் இன்று அந்தக் கட்டிலையும் நாற்காலியையும் முழுதாகப் பார்க்க முடிகிறது.

ஒரு பக்கச் சுவரோடு அலபாஸ்டர் கல்லில் ஒரு சவப்பெட்டி, மூடி மூடியபடியே இருந்தது. அறையைக் காலி செய்து முடித்து 1927 மார்ச்சில் முக்கியஸ்தர்களை எல்லாம் வரவழைத்து மூடியைத் தூக்கினார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை.

ஆனால் சுவரில் பூசி அடைத்த ஒரு மாடம் இருந்தது. அதற்குள் சதுரமாக ஒரு அலபாஸ்டர் பெட்டி, உள்ளே குறுக்கும் நெடுக்குமாகத் தடுப்பு வைத்து நான்கு அறைகள், ஒவ்வொன்றிலும் துணியில் சுற்றிய தட்டையான ஒரு பொதி. நான்கில் மூன்று அறைகளில் அந்தப் பொதிகள் இன்னும் திரவத்தில் ஊறிக்கொண்டிருந்தன! சோதித்துப் பார்த்ததில் அது தண்ணீரில் கரைத்த நேட்ரான், கிட்டத்தட்ட 3 சதவீதக் கரைசல். 4,500 வருடத்துக்கு முன்னால் யாரோ ஊற்றி மூடிய உப்புத் தண்ணீர், கல் பெட்டியின் இறுக்கத்தில், பூமிக்கடியில் 27 மீட்டர் ஆழத்தின் குளிர்ச்சியில், ஆவியாகாமல் அப்படியே இருந்திருக்கிறது. உள்ளுறுப்புகளைத் தனியே எடுத்துப் பாதுகாத்ததற்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றுகளில் இது முன்வரிசையில் வரும்.

உடல் எங்கே போயிற்று? தாஷூரில் கணவர் ஸ்னெஃப்ருவின் பிரமிடு பக்கம் இருந்த முதல் கல்லறையைத் திருடர்கள் உடைத்து உடலைத் தூக்கிப் போயிருக்கவேண்டும், அதிகாரிகள் அதைக் கூஃபுவிடம் மறைத்து, வெறும் சவப்பெட்டியை இங்கே கொண்டுவந்து ரகசியமாகப் புதைத்திருக்கவேண்டும் என்பது ரைஸ்னரின் ஊகம். நல்ல கதை, ஆனால் தாஷூரில் அப்படி ஒரு கல்லறை கிடைக்கவில்லை. எகிப்தியலாளர் மார்க் லேனர் 1980களில் வேறு மாதிரி யோசித்தார். முதல் அடக்கமே கீசாவில்தான் நடந்தது, பிறகு திட்டம் மாறி உடலைப் பக்கத்தில் கட்டிய ராணிப் பிரமிடுக்கு மாற்றியிருக்கலாம் என்பது அவர் வாதம். எனக்கு லேனர் சொல்வது கூடுதல் நம்பிக்கை தருகிறது. ஆனால் அவர் வழியில் போனாலும் ஒரு கேள்வி தொண்டையில் நிற்கிறது. உடலை மாற்றுகிறவர்கள் ஈரலையும் குடலையும் ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்? மறுமைக்கு எல்லாம் சேர்ந்து வேண்டும் என்று நம்பியவர்கள் ஆயிற்றே. எப்படி இருந்தாலும், பெரிய பிரமிடைக் கட்டியவனைப் பெற்ற தாயின் உடலில் இன்று நம் கைக்கு எட்டியிருப்பது அந்தப் பெட்டிக்குள் இருப்பது மட்டும்தான்.

அங்கிருந்து 1,200 வருடம் தாவி, புதிய அரசுக் கால மன்னர்களைப் புதைத்த அரசர்களின் பள்ளத்தாக்குக்கு வருவோம். 1907 ஜனவரியில் தியோடர் டேவிஸ் என்ற அமெரிக்கப் பணக்காரருக்காக எட்வர்டு அயர்ட்டன் திறந்த கல்லறை, இன்று கேவி55 என்று அழைக்கிறார்கள். அங்கே கிடைத்த நான்கு அலபாஸ்டர் ஜாடிகளில் மூன்று எகிப்திலேயே இருக்கின்றன, ஒன்று டேவிஸ் பங்காகப் போய் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை நேரில் பார்த்திருக்கிறேன். முகம் அவ்வளவு அழகு. அடுக்கடுக்காக வெட்டிய குட்டை முடி, கறுப்புக் கல் பதித்த கண்மணி, நீலக் கண்ணாடிப் புருவம், கொஞ்சம் சோர்ந்த மாதிரி உதடு. எல்லோரும் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நெற்றியில் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் அரச நாகம் இருந்து உடைந்துபோன தடம் தெரியும். அது பிற்பாடு சேர்த்த நாகம், முதலில் அந்தத் தலையில் நாகமே இல்லை. அப்புறம் கண்ணைக் கீழே இறக்கி ஜாடியின் வயிற்றைப் பார்த்தால் எழுத்து இருந்த இடம் தேய்த்து மழித்துவிட்டிருப்பது தெரியும்.

மிச்சமிருந்த கோடுகளை வைத்து ஆய்வாளர்கள் அந்த எழுத்தைப் படித்துவிட்டார்கள். அங்கே மன்னர் அக்கெனாத்தனின் பெயரும் அவர் வழிபட்ட சூரியக் கடவுள் ஆத்தனின் பெயரும் கூடவே கியா என்ற பெண்ணின் பட்டமும் இருந்திருக்கின்றன. அக்கெனாத்தனின் இன்னொரு மனைவி கியா, ‘மிகவும் நேசிக்கப்பட்ட மனைவி’ என்பது அவளுடைய பட்டம். அவள் ஏதோ ஒரு கட்டத்தில் காட்சியிலிருந்து காணாமல் போகிறாள், அக்கெனாத்தனின் தலைநகரான அமர்னாவில் அவளுடைய கட்டடங்களிலேயே அவள் பெயரை அழித்து மன்னனின் மகள் மெரிட்டாத்தன் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அவளுக்கென்று செய்த ஜாடிகளிலும் அதே கை வேலை பார்த்திருக்கிறது. நெற்றியில் நாகத்தைச் சேர்த்து, எழுத்தை மழித்து, அரச பதவியில் இருந்த வேறொருவருக்காக மாற்றியிருக்கிறார்கள். கல்லறையில் இருந்த சவப்பெட்டியும் அப்படித்தான், பெண்ணுக்காகச் செய்து ஆணுக்காகத் திருத்தியது. பிறகு வந்தவர்கள் அந்த ஆணுடைய பெயரையும் வெட்டி எடுத்து, சவப்பெட்டியின் தங்க முகத்தைப் பிய்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 2010இல் வெளியான மரபணு ஆய்வு உள்ளே கிடந்தவரைத் துட்டன்காமனின் தந்தை என்றது. அவர் அக்கெனாத்தனா என்பதில் எலும்பின் வயதை வைத்து இன்னும் சண்டை நடக்கிறது. அந்தச் சண்டையில் நான் இறங்கவில்லை. கியாவுக்கு என்ன ஆயிற்று என்று எழுதுகிறவர்கள் குறைவாக இருக்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம். அவளுடைய நான்கு ஜாடிகளும் இரண்டு கண்டங்களில் பிரிந்து கிடக்கின்றன, அவளுடைய உறுப்புகள் அவற்றில் ஒருநாளாவது இருந்தனவா என்பதற்குக்கூடச் சான்று இல்லை.

சரி, துட்டன்காமன். அவரை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது, ஏனென்றால் புதிய அரசுக் காலப் பாரோ ஒருவரின் உள்ளுறுப்புகளுக்குச் செய்த ஏற்பாடு முழுவதும், வைத்த இடத்திலேயே, கலையாமல் கிடைத்தது அவருடைய கல்லறையில்தான்.

1922 நவம்பரில் ஹோவர்டு கார்ட்டர் கண்டுபிடித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சவ அறைக்கு அடுத்திருந்த கருவூல அறையின் வாசலைப் பலகை வைத்து மறைத்துவிட்டு, மற்ற வேலைகளை முடித்துவிட்டு 1926இல்தான் அதற்குள் வேலையைத் தொடங்கினார். இன்றைக்கு யாருக்கு அந்தப் பொறுமை இருக்கும்? உள்ளே நுழைந்ததும் வாசலைப் பார்த்தபடி பல்லக்கின்மேல் படுத்திருக்கும் கறுப்பு அனுபிஸ், நரி உருவக் கடவுள், அதற்குப் பின்னால் சுவரோரம் ஏறக்குறைய 2 மீட்டர் உயரத்துக்குத் தங்கத் தகடு போர்த்திய மண்டபம். நான்கு பக்கமும் நான்கு தேவியர் முகத்தை மண்டபத்தின் பக்கம் திருப்பி, இரண்டு கைகளையும் விரித்து நிற்கிறார்கள். வழக்கமாக எகிப்தியச் சிலைகள் நேராகப் பார்க்கும், இவர்கள் தலையை லேசாகப் பக்கவாட்டில் திருப்பியிருக்கிறார்கள், யாரோ வருகிறார்களா என்று தோள் வழியே பார்க்கிற மாதிரி. எத்தனையோ படங்கள் பார்த்தாகிவிட்டது, தலையில் தேளோடு நிற்கும் செல்கெட்டின் அந்தக் கழுத்துத் திருப்பம் இன்னும் எனக்கு அலுக்கவில்லை. ஒரு சின்ன விஷயத்தைக் கார்ட்டர் குறித்து வைத்திருக்கிறார்: பொருத்தியவர்கள் நெப்திஸையும் செல்கெட்டையும் இடம் மாற்றி நிறுத்திவிட்டார்கள். அடக்கத்தின் அவசரத்தில் நடந்த தவறு, 3,300 வருடம் யாரும் திருத்தவில்லை.

மண்டபத்துக்குள் துணி போர்த்திய அலபாஸ்டர் பெட்டி. மூடியைக் கயிறு போட்டுக் கட்டிக் களிமண் முத்திரை வைத்திருந்தார்கள். நான்கு மூலைகளிலும் அதே தேவியர் புடைப்பாக, பெட்டியை அணைத்தபடி. மூடியைத் தூக்கினால் நான்கு தலைகள், எல்லாமே அரசனின் முகம், நெற்றியில் கழுகும் நாகமும், உதட்டில் சிவப்பு, கண்ணுக்குக் கறுப்பு மை. இவற்றுக்குக் கீழே ஜாடிகள் இருக்கும் என்றுதானே தோன்றும்? தனி ஜாடிகள் கிடையாது. ஒரே கல்லை மேலிருந்து உருளையாக நான்கு இடத்தில் குடைந்து, ஒவ்வொரு குழிக்கும் ஒரு தலையை மூடியாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குழிக்குள்ளும் துணி சுற்றிய ஒரு குட்டிச் சவப்பெட்டி, 39 சென்டிமீட்டர் உயரம், தங்கத்தில் செய்து இறகு இறகாகக் கண்ணாடியும் சிவப்புக் கல்லும் பதித்தது. சடங்கின்போது ஊற்றிய கறுப்புத் தைலம் இறுகிப்போய் அவற்றைக் குழியோடு ஒட்டவைத்திருந்தது. அதற்குள்தான் 19 வயது வாக்கில் இறந்துபோன பையனின் ஈரலும் நுரையீரலும் இரைப்பையும் குடலும்.

அந்தக் குட்டிச் சவப்பெட்டிகளைத் திறந்து உட்புறத் தங்கத்தில் பொறித்த வாசகத்தைப் பார்த்தால் துட்டன்காமன் என்ற பெயருக்கு அடியில் வேறொரு பெயரின் தடம் இருக்கிறது. அவருக்குச் சற்று முன்பு ஆண்ட, அங்கெப்பெரூரே என்ற அரியணைப் பெயர் கொண்டவருக்காகச் செய்தவை அவை. முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கல் மூடியில் இருக்கும் முகம், குட்டிச் சவப்பெட்டியில் இருக்கும் முகம், தங்க முகமூடியின் முகம் மூன்றும் ஒரே ஆள் என்று சொல்ல வராது. அந்த அங்கெப்பெரூரே ஒரு பெண் அரசர் என்று பலர் கருதுகிறார்கள். திடீரென்று இறந்த இளைஞனுக்கு 70 நாளுக்குள் எல்லாம் தயாராகவேண்டும் என்ற நெருக்கடியில் கிடங்கில் இருந்ததை எடுத்துப் பெயரை மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்வது எளிது. நான் அதோடு நிறுத்தமாட்டேன். அந்த முந்தைய அரசரை இவற்றை வைத்து அடக்கம் செய்ய முடியாது என்று யாரோ ஏற்கெனவே ஒரு முடிவு எடுத்திருக்கவேண்டும், அது நெருக்கடியில் எடுத்த முடிவாக எனக்குத் தோன்றவில்லை.

இதே கல்லறையில் மண் ஜாடிகளும் இருந்தன, அவற்றைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒயின் ஜாடிகள். தோளில் மையால் எழுதியிருப்பார்கள்: ஆட்சியின் எத்தனையாவது வருடம், யாருடைய பண்ணை, நைலின் எந்தக் கிளையோரம், தலைமைத் தோட்டக்காரர் பெயர் என்ன. ஒரு வேலையாளின் சொந்தப் பெயர் பாரோவின் கல்லறைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது, அதை யாரும் அழிக்கவும் இல்லை. 2000களில் பார்சிலோனாவைச் சேர்ந்த மரியா ரோசா குவாஷ்-ஹானே இந்த ஜாடிகளின் கசடை ஆராய்ந்து சிவப்பு ஒயினும் வெள்ளை ஒயினும் இருந்ததைக் காட்டினார். மேலே எழுதியதும் உள்ளே இருந்ததும் பொருந்திவந்த பாத்திரங்கள் இவை. அதே கல்லறையின் தைலப் பாத்திரங்களில் இன்னொரு வகைக் கையெழுத்து கிடைத்தது. அடக்கம் முடிந்த சிறிது காலத்திலேயே திருடர்கள் நுழைந்து விலையுயர்ந்த தைலங்களை வழித்து எடுத்துப் போயிருக்கிறார்கள், ஒரு பாத்திரத்தின் உட்சுவரில் வழித்த விரல்களின் தடம் அப்படியே இருந்தது. தங்கத்தை உருக்கவேண்டும், அடையாளம் தெரியும், தைலத்தை எங்கேயும் விற்கலாம். அந்த அளவுக்கு அன்று தைலத்துக்கு மதிப்பு.

தைலம் என்றதும் சென்னெட்னே. மன்னர் இரண்டாம் அமென்ஹோத்தெப்புக்குப் பால் கொடுத்து வளர்த்த தாய், அரச குடும்பத்தில் பிறந்தவள் இல்லை, ஆனாலும் அவளுடைய கனோபிக் ஜாடிகள் அரசர்களின் பள்ளத்தாக்கில், கேவி42 கல்லறையில், 1900இல் கார்ட்டர் கையில் கிடைத்தன. ஜெர்மனியில் ஹனோவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஜாடிகளின் உட்சுவர்க் கசடை பார்பரா ஹூபர் குழு ஆராய்ந்து 2023இல் வெளியிட்டது. தேன்மெழுகு, தாவர எண்ணெய், கொழுப்பு, நிலக்கீல், ஊசியிலை மரப் பிசின். நுரையீரல் ஜாடியில் மட்டும் கூடுதலாக லார்ச் மரப் பிசினும், ஒன்று பிஸ்தா வகை மரத்தின் பிசின் அல்லது டாமர் பிசினும். டாமர் என்பது நம் ஊரில் குங்கிலியம் என்று புகை போடும் அதே குடும்பத்துப் பொருள், அந்த மரங்கள் தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வளர்கிறவை. அது டாமர்தான் என்று உறுதியானால் இந்தப் பக்கத்துச் சரக்கு கி.மு. 15ஆம் நூற்றாண்டிலேயே நைல் கரைக்குப் போயிருக்கிறது என்று ஆகும். நடக்காத காரியம் என்று சொல்லமாட்டேன், ராம்சேஸின் மம்மியில் மூக்குத் துவாரத்தில் மிளகு கிடைத்ததே, மிளகு நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரக்குதானே. பெயர் ஒட்டிய ஜாடிகள் அவருடையவை அல்ல என்று ஆன அதே ராம்சேஸ்.

இவ்வளவு பக்குவமாகச் செய்த பழக்கம் பிறகு தலைகீழானது. புதிய அரசுக்குப் பின் வந்த 21ஆம் வம்சக் காலத்தில் உறுப்புகளைப் பதப்படுத்திப் பொதியாகச் சுற்றி உடலுக்குள்ளேயே திரும்ப வைக்க ஆரம்பித்தார்கள். ஜாடிக்கு வேலை போய்விட்டது, ஆனாலும் ஜாடி வைப்பதை விடவில்லை, உள்ளே குடையாத முழுக் கல் ஜாடிகள்கூடச் செய்தார்கள். பியர் மோன்டே 1939-40இல் நைல் கழிமுகத்தில் இருக்கும் தானிஸில் கண்டுபிடித்த அரச கல்லறைகளில் முதலாம் சூசென்னஸின் ஜாடிகள் தங்கம் பூசிய தலைகளோடு இருக்கின்றன, இரண்டாம் ஷோஷெங்குக்கு வெள்ளியில் நான்கு குட்டிச் சவப்பெட்டிகள். ஐரோப்பா போரில் எரிந்துகொண்டிருந்த நேரம், செய்தி பரவவே இல்லை. துட்டன்காமனுக்குக் கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இவர்களுக்குக் கிடைக்காதது பெரிய அநியாயம்.

கடைசியாக எகிப்தை ஆண்ட பெண் அரசர் ஹட்ஷெப்சுட், ஏனென்றால் இதில் பெயரும் உள்ளடக்கமும் நேருக்கு நேர் நிற்கின்றன. 1881இல் தெர் எல்-பாஹ்ரி ரகசியக் குழியில் அரச மம்மிகளோடு கிடைத்த ஒரு சின்ன மரப்பெட்டி, அவள் பெயர் பொறித்தது, உள்ளே ஈரல் என்று கருதப்படும் ஒரு உறுப்பு. 2007இல் எகிப்தியத் தொல்லியலாளர் சாஹி ஹவாஸின் குழு பெட்டியைத் திறக்காமல் சி.டி. ஸ்கேன் செய்தபோது உள்ளே ஒரு கடைவாய்ப்பல் தெரிந்தது. கேவி60இல் கார்ட்டர் 1903இல் பார்த்த, பெயரில்லாத, பருமனான ஒரு பெண்ணின் மம்மியில் அந்தப் பல்லுக்கு ஏற்ற இடைவெளி இருக்கிறது, ஆகவே அதுதான் ஹட்ஷெப்சுட் என்று அறிவித்தார்கள். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. ஆனால் மம்மியில் இடைவெளி இருப்பது மேல்தாடையில், பெட்டியில் இருப்பது கீழ்த்தாடைப் பல்லின் வேர் அமைப்பு என்று மறுப்பவர்கள் இருக்கிறார்கள், அந்த மறுப்பு எனக்கு வலுவாகவே படுகிறது. அந்தப் பெட்டியும் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் பூசாரிகள் தூக்கிச் சென்று ஒளித்து வைத்ததுதான், வழியில் எது எதோடு கலந்தது என்று யார் கண்டார்கள். லூவ்ர் ஜாடிகளில் பெயரை நம்பிப் பல பத்தாண்டுகள் போயின. இங்கே எகிப்தை 20 வருடத்துக்கு மேல் ஆண்ட ஒரு பெண்ணின் உடல் இதுதான் என்று முத்திரை குத்துகிறோம். ஒரு பல்லின் அளவு போதாது. பெட்டியில் இருக்கும் உறுப்பும் அந்த மம்மியும் ஒரே உடலைச் சேர்ந்தவைதானா என்று திசுவை வைத்து ஒப்பிட்டு, அந்த முடிவை எல்லோரும் சரிபார்க்கும்படி வெளியிடட்டும், அதுவரைக்கும் அந்த மம்மிக்குப் பக்கத்தில் இருக்கும் பெயர்ப்பலகையில் ஒரு கேள்விக்குறியாவது இருக்கவேண்டும்.